முகிலில் ஒரு தராசு

தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் சம்பளத் துண்டை வாசக நேயர்களுட் பலர் கண்டிருப்பர். உள்ளங்கை அகலமுள்ள ஒரு தாள். பேர், அரைப்பேர், மேலதிகக் கொழுந்து, ஊழியர் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று வரிசை வரிசையாக எண்கள். அடியில் ஒரு தொகை. அத்தொகையைப் பெறுபவர் காசை எண்ணிப் பார்த்தே வாங்குவார். ஆனால் மேலேயுள்ள எண்களிலிருந்து அத்தொகை எவ்வாறு பிறந்தது என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பவர் அரியர். முன்னாளிற் கணக்கப்பிள்ளையின் பேனாவை நம்பினர். இந்நாளிற் கணினியை நம்புகின்றனர். பேனா பிழைத்தால் ஒருவருடைய கூலி கெடும். கணினி பிழைத்தாலோ ஒரே இரவில் அத்தனை பேருடைய கூலியும் ஒரே விதமாகக் கெடும். ஒரே விதமாகக் கெடுவதனால், அடுத்த வீட்டாரின் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாலும் பிழை புலப்படாது.

இந்தச் சம்பளத் துண்டை அச்சிடும் மென்பொருளை எழுதுவதே நம்முடைய தொழில். கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திகனயில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருந்து ஐவராக இதனைச் செய்து வருகின்றோம். ஐவரும் ஓரினத்தவர் அல்லர். வீட்டிற் பேசும் மொழியும் ஒன்றன்று. கண்டி மலைகளில் இன்னும் செக்ரோல் ஏட்டையே நம்பியிருக்கும் சிறு தோட்டங்கள் சில நம் வாடிக்கையாளர்கள். இந்த ஐவரும் ஒரே நிரலை ஒரே வேளையில் திருத்துகின்றோம் என்பதிலேதான் தொல்லை தொடங்குகின்றது. ஒருவர் சேமலாப நிதிக் கணக்கைத் திருத்துவார். மற்றொருவர் முற்பணக் கழிவைத் திருத்துவார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. ஒன்றாகச் சேர்த்தால் மூன்றாவது ஓர் எண் தவறும்.

இத்தொல்லை உலகெங்கும் உள்ளது. 2004-ஆம் ஆண்டு திசெம்பர் 26-ஆந் திகதி ஆழிப்பேரலை நம் நாட்டைத் தாக்கியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்காகத் தொண்டர்களான இலங்கை மென்பொருளாளர் சில வாரங்களுக்குள் ‘சகானா’ என்னும் மென்பொருளை உருவாக்கினர். பின்னர் அது பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் (2005), ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் (2010) பயன்பட்டது. பல கைகள் ஒரே நேரத்தில் எழுதும் நிரலுக்கு அதனினும் சிறந்த சான்று நம் நாட்டில் வேறில்லை. அவ்வாறு பல கைகள் எழுதியதை மாதக் கடைசியில் ஒருமிக்க இணைக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். ஆதலின் நாள்தோறும், இயன்றால் மணிதோறும், சிறிது சிறிதாக இணைத்துச் சோதிக்க வேண்டும் என்ற கொள்கை 1990-களில் வலுப்பெற்றது. ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கென்ற் பெக் என்பார் 1999-இல் வெளியிட்ட நூலின் வழியே அது பரவிற்று. சன் நிறுவனத்தில் வேலை பார்த்த கோசுகே கவாகுச்சி என்னும் யப்பானியர், தாம் எழுதிய நிரல் உடைந்து சக ஊழியரின் சினத்துக்கு ஆளாவது சலித்துப் போய், முன்கூட்டியே சோதித்துச் சொல்லும் ஒரு கருவியை 2004-இல் எழுதத் தொடங்கினார். 2011-ஆம் ஆண்டு முதல் ‘ஜென்கின்ஸ்’ என்று வழங்குவது அதுவே. சலிப்பினாற் பிறந்த நன்மைகளுள் இதனையும் ஒன்றாக எண்ணலாம்.

கையால் நகலெடுப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு நியூயோர்க் பங்குச் சந்தையில் ஓர் உதாரணம் உண்டு. 2012-ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி, நைற் கப்பிற்றல் என்னும் நிறுவனம் தன் எட்டுக் கணினிகளில் ஏழில் மட்டும் புதிய நிரலை ஏற்றியிருந்தது. எட்டாவதில், நெடுநாள் முன்பே கைவிடப்பட்ட பழைய நிரல் விழித்துக்கொண்டு வேண்டாத பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளிற்று. 45 நிமிடங்களில் ஏறத்தாழ 44 கோடி டொலர் நட்டம். அந்நிறுவனம் அதன்பின் தனித்து நிலைபெறவில்லை. நம் தோட்டங்களின் தொகை அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. எனினும் ஐந்நூறு ரூபாய் குறைந்த குடும்பத்துக்கு அந்த ஐந்நூறும் சிறிதன்று.

இனி, இந்தச் சோதனைக் கூடத்தை நம் மேல்மாடியிலேயே வையாமல் முகிலில் அமைத்த காரணத்தைக் கூறுவோம். திகனக்கு அருகே மகாவலியை மறித்து நிற்பது விக்ரோறியா அணை. 122 மீற்றர் உயரம், 1985-இல் திறக்கப்பெற்றது, அதன் மின்நிலையத்தின் ஆற்றல் 210 மெகாவாற்று. பழைய தெல்தெனியப் பட்டினத்தை நீருக்குக் கொடுத்து இந்நாடு பெற்ற மின்சாரம் அது. இத்தகைய அணையின் அயலிலே வாழ்ந்தும், 2022-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, நாமும் மெழுகுதிரி ஏற்றியே இருந்தோம். அணைக்கட்டு அருகில் இருப்பதால் அயலாருக்குத் தனிச் சலுகை எதுவுமில்லை என்பதை அப்போது உணர்ந்தோம். மேசைக் கீழிருந்த கணினி பாதிச் சோதனையில் அணையும். மின்சாரம் வந்தபின் முதலிலிருந்து தொடங்கும். முடியுமுன் மீண்டும் அணையும். மடிக்கணினியின் மின்கலம் மூன்று மணி நேரம் தாங்கிற்று. ஆகவே, எழுதுவது இங்கே, சோதிப்பது வேறெங்காயினும் மின்சாரம் உள்ள இடத்திலே என்று முடிவு செய்தோம்.

முகில் என்றவுடன் வானத்தை நோக்க வேண்டியதில்லை. பிற நாடுகளில் பெருங் கட்டடங்களினுள் அடுக்கடுக்காக வைக்கப்பெற்றுள்ள கணினிகளை, வேண்டிய நிமிடங்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதே அது. நாம் கைக்கொண்டது கிட்ஹப் என்னும் சேவை. அதன் தன்னியக்கச் சோதனை வசதி 2019-ஆம் ஆண்டு நவம்பரில் யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. தனிப்பட்ட களஞ்சியங்களுக்கு மாதம் 2,000 நிமிடம் இலவசம். நம் சோதனை ஒன்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் செல்கின்றது. ஐந்நூறு முறை ஓட்டலாம். அந்நியச் செலாவணி இறுகியிருந்த அவ்வாண்டில், இலவசம் என்ற சொல் எத்துணை இனிமையாக ஒலித்தது என்பதை இந்நாட்டவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒருவர் தம் திருத்தத்தைக் களஞ்சியத்துக்கு அனுப்பிய மாத்திரத்தில் முகிலில் ஒரு புதிய கணினி பிறக்கின்றது. பிறக்கின்றது என்பது உயர்வு நவிற்சியன்று. அதில் முன்னைய வேலையின் எச்சம் ஒன்றுமில்லை. நம் மென்பொருள் இல்லை. தமிழ் எழுத்துருவும் இல்லை. நிரலோடு சேர்த்து வைத்த ஒரு சிறு கோப்பைப் படித்து, அதிற் கண்ட முறைப்படி ஒவ்வொன்றாக வருவித்துக் கொள்கின்றது. தரவுத்தளத்தை டொக்கர் என்னும் கொள்கலத்தினுள் எழுப்புகின்றது, நிரலைத் தொகுக்கின்றது, சோதனைகளை ஓட்டுகின்றது, எல்லாம் சரியானால் பச்சைக் குறி காட்டி, நிறுவத்தக்க பொதியாகக் கட்டி வைக்கின்றது, ஒன்று பிழைத்தாலும் செங்குறி காட்டி நிற்கின்றது. பின் அக்கணினி அழிகின்றது. நிரல் ஒருவருடைய கையிலிருந்து தோட்டத்து அலுவலகம் வரை இவ்வாறு படிப்படியாகக் கடந்து செல்லும் வழியைத்தான் இத்துறையினர் ‘பைப்லைன்’ என்பர்.

ஒவ்வொரு முறையும் வெறுமையிலிருந்து தொடங்குவது வீண்செலவு என்று முதலில் நமக்குள்ளேயே ஒருவர் வாதிட்டார். ஆனால் அவ்வெறுமைதான் அதன் பலம். “என்னுடைய கணினியில் நன்றாக ஓடுகின்றதே!” என்னும் வாக்கியம் நம் மேல்மாடியில் அதன்பின் ஒலிக்கவில்லை. ஒருவருடைய கணினியில் மறைவாக ஒட்டிக்கொண்டிருக்கும் வசதி எதுவும் அங்கே கிடையாது.

சான்றாக, நேரத்தைக் கூறலாம். முகிற் கணினிகள் கிரீனிச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் இயங்குவன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. திகனயில் முதலாந் திகதி காலை ஐந்து மணிக்கு நிரலை ஓட்டினால், முகிலில் அப்போது முந்திய மாதத்தின் கடைசி நாள் இரவு. பிரட்டுக்களத்தில் அதிகாலையிற் பதியும் வரவு ஒன்று சென்ற மாதத்துக் கணக்கிற் போய் விழக்கூடும். உள்ளூர்க் கணினியில் ஒருநாளும் வெளிப்படாத இவ்வேற்றுமையை முகில் முதல் வாரத்திலேயே செங்குறியாகக் காட்டிவிட்டது. இலங்கை 1996-இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு மீண்டது. பழைய பதிவுகளைக் கையாளுவோர் இதனையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

தமிழர் அறிய வேண்டிய மற்றொன்று உண்டு. ‘பொன்னம்மா’ என்னும் பெயரின் முதலெழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். முன்னே நிற்கும் கொம்பையும் பின்னே நிற்கும் காலையும் இரு குறியீடுகளாகவும் வைக்கலாம். ஒருங்குறி முறையில் இரண்டும் ஒப்பானவை, கண்ணுக்கும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு மட்டும், சொல்லிக் கொடுக்காவிட்டால், அவை வெவ்வேறு பெயர்கள். ஒரு தட்டச்சு முறையில் ஜனவரியிலும், வேறொரு முறையில் ஜூலையிலும் பதியப்பட்ட ஒரே பொன்னம்மா, சேமலாப நிதிக் கணக்கில் இரண்டு பொன்னம்மாக்கள் ஆகிவிடுவார். முதுமையில் அப்பணத்தை எடுக்கச் செல்லும்போதுதான் பாதி ஆண்டுகள் காணாமற் போனது தெரியும். ஆகவே இரண்டு வடிவங்களையும் தந்து, ‘இவர் ஒருவரே’ என்று நிரல் சொல்கின்றதா என வினவும் சோதனை ஒன்று ஒவ்வொரு முறையும் ஓடுகின்றது. இங்கே பொன்னம்மா கற்பனைப் பெயர். உண்மைத் தொழிலாளரின் பெயரையோ அடையாள அட்டை இலக்கத்தையோ நாம் முகிலுக்கு அனுப்புவதில்லை. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு ஒரு காரணம். சட்டம் இல்லாவிடினும் அனுப்பலாகாது.

இவ்வளவும் கணினி வல்லார் தாமே எண்ணிப் பார்க்கக்கூடியவை. கூலியைப் பற்றிய கேள்விகள் அப்படிப்பட்டவை அல்ல. எளிய கணக்கு எல்லாருக்கும் தெரியும்: நிதிக்கு உட்பட்ட கூலி 25,000 ரூபாயாயின், தொழிலாளியிடம் நூற்றுக்கு 8 வீதம் 2,000 ரூபாய் கழிக்க வேண்டும், தோட்டம் 12 வீதம் 3,000 ரூபாய் சேர்க்க வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 750 ரூபாயும் தோட்டமே செலுத்த வேண்டும். இதனைச் சோதனையாக எழுதினோம். பச்சைக் குறி வந்தது. மகிழ்ந்தோம்.

நம்மில் ஒருவருடைய பாட்டியார் உன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். கண் வைத்தியத்துக்குக் கண்டி சென்று திரும்பும் வழியில் நம் மேல்மாடியில் சற்று இளைப்பாறினார். பச்சைக் குறியைக் காட்டி விளக்கினோம். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

“தம்பி, தோட்டத்துல பதினெட்டு கிலோன்னு வச்சிருக்கான். சரியா பதினெட்டு நின்னா உங்க பெட்டி என்னா போடும்? பேரா, அரைப்பேரா?”

தோட்டம் அறியாத வாசகருக்காகச் சொல்கின்றோம். பேர் என்பது ஒருநாள் முழுக்கூலி. தோட்டம் வகுத்த அளவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அஃதாவது பாதிக்கூலி. ‘பதினெட்டுக்கு மேல்’ என்பதற்கும் ‘பதினெட்டும் அதற்கு மேலும்’ என்பதற்கும் நிரலில் ஒரேயொரு குறி வேற்றுமை. நாட்கூலி ஆயிரமாயின் அந்தக் குறியின் விலை ஐந்நூறு ரூபாய். பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர் எல்லை நிலை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியதை, இவர் நாற்பது ஆண்டு தராசடியில் நின்று கற்றிருக்கின்றார்.

அன்று மாலை அவர் புறப்படுமுன் நம் குறிப்பேட்டில் ஒன்பது கேள்விகள் ஏறிவிட்டன. தீபாவளி முற்பணம் கழிந்து முடிந்த பின்னரும் கழிப்பு நிற்காமல் ஓடுமா? பாதியில் வேலையை விட்டவரின் முற்பணம் யார் துண்டில் விழும்? காலையில் ஒரு மலையிலும் மாலையில் வேறொரு மலையிலும் பறித்தால் இரண்டு நிறையும் கூட்டப்படுமா, அன்றி இரண்டும் தனித்தனியே அரைப்பேராகுமா? நமக்கு இவற்றுள் ஒன்றேனும் தோன்றியிருக்கவில்லை, தோன்றவும் காரணமில்லை. பத்தாயிரம் ரூபாய் முற்பணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 833 ரூபாய் 33 சதம். பன்னிரண்டையும் கூட்டினால் நான்கு சதம் குறையும். அந்நான்கு சதத்துக்காகப் பதின்மூன்றாம் மாதம் ஒரு கழிவு வரி அச்சிடப்படலாகாது. கடைசித் தவணை 833 ரூபாய் 37 சதமாக முடிய வேண்டும். பணத்தைப் பின்னத்தில் வைத்தால் கணினி நுண்ணளவில் தவறும் இயல்புடையதாதலின், யாவற்றையும் சதக் கணக்கில் முழு எண்ணாகவே வைத்தோம்.

ஒன்பது கேள்விகளும் ஒன்பது சோதனைகளாயின. எழுத ஒரு வாரம் சென்றது. அதன்பின் எவர், எந்த நள்ளிரவில், எந்த வரியைத் தொட்டாலும், நான்கு நிமிடத்துள் ஏதோ ஒரு நாட்டிலுள்ள இயந்திரம் பாட்டியாரின் ஒன்பது கேள்விகளையும் அப்படியே கேட்கின்றது. அது சலிப்பதில்லை, யாருக்கும் முகம் பார்ப்பதில்லை. ஆனால் பத்தாவது கேள்வியைத் தானாக ஒருபோதும் கேளாது. பச்சைக் குறி என்பது ‘பிழை இல்லை’ என்ற சான்றிதழன்று. ‘இதுவரை கேட்டவற்றிற் பிழை இல்லை’ என்பதே அதன் பொருள். இத்துறையிற் புகும் மாணவர் பலர் கருவியின் பெயர்களை மனப்பாடம் செய்கின்றனர். கூலி வாங்குபவரிடம் போய் உட்கார்ந்து கேள்வி கேட்கக் கற்பவர் சிலரே. நம் கருத்தில் முன்னதை ஒரு வாரத்திற் கற்கலாம்.

பச்சைக் குறி வந்தவுடன் நிரல் தானே தோட்டத்துக்குச் சென்றுவிடும்படியும் அமைக்கலாம். பெருநிறுவனங்கள் அவ்வாறே செய்கின்றன. நாம் அங்கே ஒரு கதவு வைத்துள்ளோம். எழுதியவர் அல்லாத வேறிருவர் ஒப்புதல் அளித்தாலன்றி அக்கதவு திறவாது. சம்பள நாளாகிய 10-ஆந் திகதிக்கு முந்திய மூன்று நாளும் எவர் ஒப்பினும் திறவாது. இது கோழைத்தனம் என்று கொழும்பு நண்பரொருவர் நகைத்தார். நகைக்கட்டும்.

முகிலுக்குச் செல்லும் வழியே அறுந்தால் என் செய்வது? திகனயில் இருப்போர் இக்கேள்வியை வேடிக்கையாகக் கேட்பதில்லை. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இவ்வூரிலும் அயலிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. ஊரடங்குச் சட்டமும் அவசரகால நிலையும் வந்தன. சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் இணையமும் மட்டுப்படுத்தப்பட்டது. நம் குழு அப்போது தோன்றவில்லை. ஆயினும் ஐவரும் அந்நாட்களை வெவ்வேறு வீடுகளிலிருந்து கண்டவர்களே; அதனைப் பற்றி நாம் அதிகம் பேசிக்கொள்வதில்லை. திட்டம் வகுக்கும்போது மட்டும், எவரும் சொல்லாமலே, அந்நாட்களை மனத்திற் கொண்டு வகுத்தோம். 2005-இல் லினஸ் தோர்வால்ட்ஸ் ஆக்கிய ‘கிட்’ முறையில் நிரலின் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் உண்டு. சோதனை முறையைக் கூறும் கோப்பும் அதனோடேயே உள்ளது. கொள்கலம் இருப்பதால் அதே சோதனையை மேல்மாடிக் கணினியிலும் ஓட்டலாம், சற்று மெதுவாக. மாதம் ஒருமுறை இணையக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவ்வாறு ஓட்டிப் பார்க்கின்றோம்.

குறைந்தபட்ச நாட்கூலி 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. இரண்டாம் உயர்வு வந்தபோது, பழைய மாதங்களைப் பழைய விகிதத்திலும் புதிய மாதத்தைப் புதிய விகிதத்திலும் கணிக்கும் திருத்தத்தை மூன்று நாளில் முடித்தோம். இருமுறை செங்குறி, மூன்றாம் முறை பச்சை. பாட்டியாருக்குத் தொலைபேசியிற் சொன்னோம். அவர் மகிழ்ந்தார், பின் பத்தாவது கேள்வியைக் கேட்டார். மழை நாளிற் கொழுந்து நனைந்திருக்கின்றதென்று தராசடியிலேயே இத்தனை கிலோ கழித்துவிட்டு மீதியைத்தானே ஏட்டில் எழுதுகின்றார்கள், எழுதாத நிறையை உங்கள் பெட்டி எப்படிக் காணும் என்றார்.

காண முடியாது. நிறுத்த நிறைக்கு ஒரு கட்டமும், கழித்த நிறைக்கு வேறொரு கட்டமும், கழித்ததற்குரிய காரணத்துக்கு மூன்றாவது கட்டமும் திரையில் வைத்து, மூன்றையும் சம்பளத் துண்டிலும் அச்சிட வேண்டும். நிரலை எழுதிவிட்டோம்; சோதனையும் பச்சை. ஒரு தோட்டத்தார் உடன்பட்டுள்ளனர். இன்னொரு தோட்டத்தார் அந்தக் கட்டங்கள் வேண்டாம் என்கின்றனர். பேச்சு நடந்துகொண்டிருக்கின்றது.